கடன் அட்டையும் கடன் தீர்த்தலும்

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரிலிருந்து அன்பர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் கோவையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். தங்கையின் நிக்காஹ் நெருங்கியபோது கையில் ரொக்கம் போதவில்லை. வங்கி கொடுத்திருந்த கடன் அட்டையை, அதாவது கிரெடிட் கார்டை நீட்டி, பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், துணிமணி என்று 60,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். அன்று முதல் மாதந்தோறும் வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறார். புதிதாக எதையும் வாங்கவில்லை.

தந்தை ஆசிரியராயிற்றே! ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு மாதக் கணக்கையும் குறித்து வைத்திருக்கிறார். ஓராண்டில் கட்டிய தொகை 34,000 ரூபாய்க்கு மேல். இன்னும் நிற்கும் பாக்கியோ 54,000 ரூபாய். திகைத்துப்போய் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

1. வங்கி கணக்கில் தவறு செய்கிறதா?

2. மகனிடம் இருப்பது விசா அட்டை. நம் நாட்டு ரூபே அட்டைக்கு மாறினால் வட்டி குறையும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

3. மாதம் தவறாமல் கட்டுகிற என் மகன் கடனைத் தீர்த்து வருகிறவனா, அல்லது வட்டி கொடுத்து வருகிறவனா?

இம்மூன்று கேள்விகளும் அவர் ஒருவருடையவை அல்ல. நம்மவர்களில் எத்தனையோ வீடுகளில் இன்று இதே நிலைதான். ஆகவே இம்மாதப் பாடமாக இதனையே எடுத்துக்கொள்வோம். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதில் விளங்கும்.

அட்டையில் இரண்டு பெயர்கள்

கடன் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று வங்கியின் பெயர். மற்றொன்று விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற பெயர். பலரும் இந்த இரண்டாவது பெயரைத்தான் கடன் கொடுத்தவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியன்று.

அட்டையை நீட்டிப் பொருள் வாங்கும்போது அங்கே நான்கு பேர் சம்பந்தப்படுகிறார்கள். வாங்குகிறவர் ஒருவர். விற்கிற கடைக்காரர் ஒருவர். வாங்குகிறவருக்கு அட்டை கொடுத்த வங்கி ஒன்று. கடைக்காரர் கணக்கு வைத்திருக்கும் வங்கி மற்றொன்று. இந்த இரண்டு வங்கிகளுக்கும் இடையே செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்து, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கணக்குத் தீர்த்து வைக்கும் பாதைதான் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்பவை. அவை தம் கூலியை வங்கிகளிடம் பெற்றுக்கொள்கின்றன. உங்களுக்குக் கடன் தருவது அவை அல்ல. உங்களிடம் வட்டி வாங்குவதும் அவை அல்ல.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் பேருந்திலும் போகலாம், கீரனூர் வழியாக ரயிலிலும் போகலாம். திருச்சியில் ஒருவரிடம் வாங்கிய கடன், நீங்கள் ரயிலில் போனதால் கூடிவிடுமா? பேருந்தில் போனதால் குறைந்துவிடுமா? அதுபோலத்தான் இதுவும். வட்டி விகிதத்தை வகுப்பது அட்டை கொடுத்த வங்கி. ஒரே வங்கி விசாவிலும் அட்டை தருகிறது, ரூபேயிலும் தருகிறது. கடன் கொடுத்தவர் ஒருவர்தாம்.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும் சற்று வேறுபட்டது. நம் நாட்டில் அதுவே பாதையாகவும் இருக்கிறது, அதுவே அட்டையையும் கொடுத்துக் கடனையும் வசூலிக்கிறது.

இவை வந்த வரலாறு

1950-ல் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் தோன்றியது. உணவு விடுதிகளில் சாப்பிட்டுவிட்டு மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் கொடுக்கும் ஏற்பாடாக அது தொடங்கியது. முழுப் பாக்கியையும் மாதந்தோறும் தீர்த்துவிட வேண்டும் என்பதே அன்றைய விதி. 1958-ல் கலிபோர்னியாவில் ‘பாங்க் ஆப் அமெரிக்கா’ வெளியிட்ட அட்டையில்தான் கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு தள்ளிக்கொண்டு போகும் வழக்கம் பெரிய அளவில் பரவத் தொடங்கியது. அந்த அட்டையே 1976-ல் விசா என்று பெயர் மாறிற்று. 1966-ல் வேறு பல வங்கிகள் சேர்ந்து அமைத்த கூட்டு 1979-ல் மாஸ்டர்கார்டு என்னும் பெயரைப் பெற்றது.

நம் நாட்டு வங்கிகளில் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா 1980-ல் கடன் அட்டையை வெளியிட்டது. நமக்கென்று சொந்தப் பாதை வேண்டும் என்பதற்காக 2008-ல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுவப்பட்டது. அது 2012 மார்ச்சில் ரூபேயைத் தொடங்கியது. 2014 ஆகஸ்டில் வந்த ஜன்தன் திட்டத்தின் மூலம் ரூபே அட்டை கிராமங்களுக்குள் நுழைந்தது. ஆனால் அது டெபிட் கார்டு, அதாவது நம் கணக்கில் இருக்கும் நம் பணத்தை எடுக்கும் அட்டை. ரூபே கடன் அட்டை 2017-ல்தான் வந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று கொள்ளலாகாது.

வித்தியாசம் எங்கே?

பாதைகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று சொல்வதற்கில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் விசாவும் மாஸ்டர்கார்டும் மிகப் பரவலாக ஏற்கப்படுகின்றன. ரூபே 2019-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் அறிமுகமாயிற்று என்றாலும், வெளிநாடு செல்வோர் அந்தந்த நாட்டில் அது செல்லுமா என்று விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும். அட்டையை வேற்று நாணயத்தில் பயன்படுத்தினால் வங்கி தனிக் கட்டணம் சேர்க்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

ரூபே கடன் அட்டைக்கு மற்றொரு தனிச் சிறப்பு உண்டு. 2022 செப்டம்பர் முதல் அதனை யு.பி.ஐ.யுடன் இணைத்துக்கொள்ளலாம். கைப்பேசியைக் காட்டி மளிகைக் கடையிலும் டீக்கடையிலும் கடனுக்கு வாங்கலாம் என்பது இதன் பொருள். இது வசதிதான். ஆனால் முன்பெல்லாம் பெரிய பொருளுக்கு மட்டும் பட்ட கடனை, இப்போது ஒரு கட்டுக் கீரைக்கும் படலாம் என்றாகிவிட்டது. சில்லறையாகச் செலவாகும் கடன் கண்ணுக்குத் தெரியாது. மாத முடிவில்தான் தெரியும்.

ரிசர்வ் வங்கி 2024 மார்ச் 6-ல் பிறப்பித்த ஆணையின்படி, அட்டை கேட்பவர் எந்தப் பாதை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வங்கிகள் தரவேண்டும். அது அவ்வாண்டு செப்டம்பர் 6 முதல் நடப்புக்கு வந்தது. இது பாதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே தவிர, வட்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையன்று.

இதற்கு ஓர் அத்தாட்சியும் உண்டு. கணக்கு விவரங்களை நம் நாட்டிலேயே வைக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றவில்லை என்பதற்காக, 2021 ஜூலை 22 முதல் மாஸ்டர்கார்டு புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை ரிசர்வ் வங்கி தடுத்தது. 2022 ஜூன் 16-ல்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் மாஸ்டர்கார்டு வைத்திருந்த எவருடைய பாக்கியும் நின்றுபோகவில்லை, வட்டியும் குறையவில்லை. பாதைக்கு வந்த தடை கடனைத் தொடவே இல்லை. ஏனெனில் கடன் வங்கியிடம் பட்டது.

ஆகவே குளத்தூர் அன்பரின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்: ரூபேக்கு மாறுவதால் பழைய கடனும் குறையாது, அதன் வட்டியும் குறையாது.

குறைந்தபட்சத் தொகையின் கணக்கு

இனி முதல் கேள்விக்கு வருவோம். மாதப் பட்டியலில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும். ஒன்று மொத்தப் பாக்கி. மற்றொன்று குறைந்தபட்சத் தொகை. இந்த இரண்டாவது தொகை பெரும்பாலும் பாக்கியில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் அளவில் இருக்கும். இதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது. அவ்வளவுதான் அதன் பலன். வட்டி நிற்காது.

நம் ஊர்ப்புறங்களில் வட்டியை நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் பேசுவோம். ‘ஒரு வட்டி’, ‘இரண்டு வட்டி’ என்போம். ‘மூன்று வட்டி’ என்றால் யாரும் முகம் சுளிப்பர். கந்து வட்டிக் கொடுமையைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-ல் தனிச் சட்டமே வந்தது. கடன் அட்டையில் பல வங்கிகள் வாங்கும் வட்டி எவ்வளவு தெரியுமா? மாதம் நூற்றுக்கு மூன்று முதல் மூன்றே முக்கால் ரூபாய் வரை! ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருப்பதால் அது ‘மூன்றரை வட்டி’ என்று நம் காதில் விழுவதில்லை. அந்த வட்டியின்மேல் நூற்றுக்கு 18 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் உண்டு.

இப்போது கணக்குப் போடுவோம். பாக்கி 60,000. மூன்றரை வட்டி என்றால் ஒரு மாத வட்டி 2,100 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி. 378 ரூபாய். ஆக 2,478. மகன் கட்டியது 3,000. அசலில் கழிந்தது வெறும் 522 ரூபாய்! மறுமாதம் பாக்கி 59,478. இப்படியே பன்னிரண்டு மாதம் ஓட்டினால் ஏறத்தாழ 34,300 ரூபாய் கட்டியிருப்பார். பாக்கி 54,000 நிற்கும். நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் கணக்கும் இதுவே. வங்கி தவறாகக் கணக்கிடவில்லை. தவறு கணக்கில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. மேலும் ஓராண்டு இப்படியே போனால் இன்னும் 31,000 ரூபாய் வரை கொடுத்த பின்னும் 48,600 ரூபாய் நிற்கும்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விதிகளில் கட்டளையிட்டது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்?

அரசாங்கம் இந்த வட்டிக்கு உச்சவரம்பு வைத்திருக்குமே என்று சிலர் நினைக்கலாம். ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகையால் நம்மை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொரு நுணுக்கமும் உண்டு. பட்டியல் தேதி 5, கடைசித் தேதி 25 என்று வைத்துக்கொள்வோம். 6-ஆம் தேதி வாங்கிய பொருள் அடுத்த மாதம் 5-ஆம் தேதிப் பட்டியலில் வந்து, 25-ஆம் தேதி கட்டினால் போதும் என்றாகும். ஏறத்தாழ ஐம்பது நாள் வட்டியில்லாத் தவணை. ஆனால் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கே இச்சலுகை. பாக்கி வைத்துவிட்டால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி விழும். அட்டையைப் போட்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தாலோ தவணையே கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி, மேலே கட்டணமும் உண்டு.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மூன்றாவது கேள்விதான் முதன்மையானது. கடன் வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமாகிய அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம், தவணைக் கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியதே ஆகும். தடுக்கப்பட்டது வட்டி. அறியாமைக் காலத்து அரபிகளிடம் இருந்த வட்டியின் முறையைச் சற்றுக் கவனியுங்கள். தவணை நாள் வந்ததும் கடன் கொடுத்தவன் வருவான். இப்போதே தீர்க்கிறாயா, அல்லது தொகையைக் கூட்டிக்கொண்டு தவணையை நீட்டுகிறாயா என்று கேட்பான். இல்லாதவன் கூட்டிக்கொள்வான். கடன் வளரும். இதனையே இறைவன் ஹராமாக்கினான். கடன் அட்டையின் மாதப் பட்டியல் அச்சிட்டுக் கேட்பதும் இதே கேள்விதான் அல்லவா?

இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 2000 செப்டம்பரில் ரியாதில் கூடி இதனை ஆராய்ந்தது. கணக்கில் பணம் இல்லாமலேயே கடனாகத் தரப்படும் அட்டையில் வட்டி நிபந்தனை இருந்தால், தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும்கூட, அதனை வெளியிடுவதும் பயன்படுத்துவதும் கூடாது என்று முடிவு செய்தது. வட்டி நிபந்தனை இல்லாத அட்டை கூடும் என்றும், அட்டைக்காகச் செய்யும் சேவைக்கு அளவான கட்டணமும் கடைக்காரரிடம் பெறும் தரகும் கூடும் என்றும் விளக்கியது. கணக்கில் உள்ள பணத்துக்கு உட்பட்ட அட்டை கூடும் என்பதை 2004-ல் மஸ்கட்டில் கூடி உறுதி செய்தது. ஆகவே டெபிட் கார்டைப் பற்றி ஐயம் வேண்டாம்.

வேறு சில உலமாக்கள், அவசியம் உள்ளவர் தவணை நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடும் ஏற்பாட்டைச் செய்துகொண்டு, வட்டி ஒரு காசும் விழாமல் பயன்படுத்தினால் இடமுண்டு என்கிறார்கள். கருத்து வேறுபாடு இவ்வளவில்தான். வட்டி விழும்படி பாக்கி வைக்கலாம் என்று இவர்களில் எவரும் சொல்லவில்லை. பேணுதல் உள்ளவர் தம் ஊர் ஆலிமிடம் விசாரித்துத் தெளிவு பெறுவாராக.

கடனின் கடுமையையும் நினைவுகொள்ள வேண்டும். கடனோடு இறந்த ஒருவருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அதைத் தீர்க்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்று அறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழுதுகொள்ளச் சொன்னார்கள். மூன்று தீனார்தான் கடன்! அதைத் தாம் ஏற்பதாக அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்த பிறகே தொழுவித்தார்கள். வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். “வங்கிக் கடன்தானே, வட்டி ஹராம்தானே, கட்டாமல் விட்டால் என்ன?” என்று சிலர் பேசுகிறார்கள். அசல் தொகைக்குப் பொருளை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறோம். அதைக் கொடுக்காமல் விடுவது பிறர் சொத்தை உண்பதாகும். கொடுத்தவர் வங்கி என்பதால் அது மாறிவிடாது.

ஆகவே, அன்பரே, உங்கள் மகன் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். தங்கைக்காகச் செலவு செய்த நல்ல அண்ணன். வாக்குத் தவறாதவர். ஆனால் அவர் கொடுத்த 34,300 ரூபாயில் ஏறத்தாழ 6,000 மட்டுமே கடனைத் தீர்த்தது. மற்றதெல்லாம் வட்டிக்கும் வரிக்கும் போயிற்று. அறியாமல் நடந்ததற்கு அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடட்டும். அறிந்த பிறகு வழியை மாற்றிக்கொள்ளட்டும்.

கடனை அடைக்கும் வழி

1. முதலில் அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். கைப்பேசியில் இணைத்திருந்தால் அதையும் நீக்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் பானையில் நீர் ஊற்றலாகாது.

2. வீட்டாரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்த கடன்தான் வளரும்.

3. வட்டியில்லாமல் தரக்கூடிய உறவினர் இருந்தால் 54,000 ரூபாயை அழகிய கடனாகப் பெற்று, வங்கிப் பாக்கியை ஒரே நாளில் தீர்த்துவிடுவது மிகச் சிறந்தது. பிறகு உறவினருக்கு மாதம் 5,000 வீதம் கொடுத்தால் பதினொரு மாதத்தில் முடியும். கொடுப்பது 54,000 மட்டுமே. இதை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும். உறவினர்தானே என்று எழுதாமல் விடலாகாது.

4. அது இயலாவிட்டால் தேவைக்கு மேற்பட்ட பொருளை விற்கலாம். மனைவியின் நகையும் மஹரும் மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து தந்தாலன்றி அதில் கைவைக்க உரிமையில்லை. நகையை அடகு வைத்தால் அங்கும் வட்டியே வரும்.

5. அதுவும் இயலாதபோது செலவைச் சுருக்கி, இயன்ற அளவு பெருந்தொகையாகக் கட்ட வேண்டும். மாதம் 10,000 கட்டினால் ஏழாவது மாதம் முடிந்துவிடும். மொத்தம் 62,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். வட்டி முழுதும் நீங்காவிட்டாலும் விரைவில் விடுதலை கிடைக்கும்.

6. ஓர் அட்டையின் பாக்கியை மற்றோர் அட்டைக்கு மாற்றுவதும், தவணைக் கடனாக மாற்றுவதும் பெரும்பாலும் வட்டிக்கு வேறு பெயர் வைப்பதே. படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக்கூடாது.

7. முழுதும் தீர்ந்ததும், பாக்கியில்லை என்று வங்கியிடம் எழுத்து மூலம் பெற்று, அட்டையை மூடச் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, பாக்கி இல்லாத அட்டையை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும். கேட்காமல் அட்டை அனுப்புவதையும் அவ்விதிகள் தடுத்தன.

ஜமாஅத்தின் கடமை

இளைஞர் ஒருவர் தங்கையின் திருமணத்திற்கு மூன்றரை வட்டிக்குப் போனார் என்றால், அது அவர் ஒருவருடைய குறை மட்டும்தானா? பீரோவும் கட்டிலும் கேட்ட வழக்கத்திற்கு அதில் பங்கில்லையா? அவசரத்திற்கு 60,000 ரூபாய் அழகிய கடன் தர ஊரில் ஓர் ஏற்பாடு இல்லாததற்குப் பங்கில்லையா? கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 280-வது வசனம் பணிக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளும் உள்ளனர் என்பது அத்தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனத்தில் வருகிறது. ஒவ்வொரு ஜமாஅத்தும் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றைச் சிறிய அளவிலேனும் தொடங்கிவிட்டால், எத்தனையோ பிள்ளைகள் இந்தச் சுமையிலிருந்து தப்புவார்கள். திருமணத்தை எளிமையாக்கினால் நிதியே பாதி மிச்சமாகும்.

பாடச் சுருக்கம்

விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்பவை பணம் செல்லும் பாதைகள். கடன் கொடுத்தது வங்கி. பாதை மாறினால் கடன் மாறாது. குறைந்தபட்சத் தொகை கட்டுவது கடன் தீர்ப்பதாகாது. டெபிட் கார்டும் ரொக்கமும் போதும் என்றிருப்பவருக்கு நிம்மதி உண்டு. ஏற்கெனவே பட்டுவிட்டவர் இன்றே கணக்கெழுதி, விரைந்து தீர்க்க முற்படுவாராக.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தொழுகையிலேயே கடனை விட்டுப் பாதுகாப்புத் தேடுவார்கள். கடன்பட்டவர் பொய் பேசவும் வாக்கு மீறவும் நேர்ந்துவிடுகிறது என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். குளத்தூர் அன்பரின் இல்லத்திற்கும் நம் அனைவரின் இல்லங்களுக்கும் அல்லாஹ் கடனற்ற வாழ்வையும், ஹலாலான ரிஜ்கில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.